ஆச்சியின் ஊசிக்கூடு

என் மேசையில் மூன்று வாரங்களாக ஒரு பித்தளைக் கூடு நின்றிருந்தது. 56 மில்லிமீட்டர் உயரம். அடியில் விளிம்பு, மேலே ஒடுங்கிய கழுத்து. .303 அளவுத் துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக்கூடு. என் தாத்தாவுடையது. சென்ற ஐப்பசியில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத உட்கார்ந்த போதெல்லாம் கண் அதன்மீதே போய் நின்றதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆய்வு மாணவர்கள் சிலர் இப்பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறார்கள்; முதன்மையாக அவர்களுக்காகத்தான் இது. பொருளறிவியலோடு தொடர்பில்லாத நண்பர்கள் நடுவில் வரும் உலோகக் கதையைச் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கு அருகே. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. தாத்தா திருவிதாங்கூர் அரசுப் படையில் சேர்ந்து, அப்படை இந்திய இராணுவத்தோடு இணைக்கப்பட்டபோது மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு மாறியவர். நான் இன்று ஆய்வு செய்யும் திருவனந்தபுரத்தில், பாங்கோட்டுப் படைமுகாமில் சில காலம் இருந்திருக்கிறார். ஊர் திரும்பியபோது ஒரு தகரப்பெட்டியும் கம்பளியும் இந்தக் கூடும் கொண்டுவந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கூட்டை ஆச்சி எடுத்துக்கொண்டார். ஊசிகளும் ஒரு குரோஷே கொக்கியும் அதனுள்ளே இருக்கும். தையற்கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் பெட்டி எதையும் அவர் ஏற்றதில்லை.

கூட்டின் அடிப்பாகத்தில் 'கே', 'எஃப்' என்ற இரு எழுத்துகளும் அவற்றின் நடுவே ஓர் அம்பும் உள்ளன. கீழே 43 என்றும், ரோம எண்ணில் ஏழு என்றும் பொறித்திருக்கிறது. புணேயை அடுத்த கிர்க்கியில், இன்று கட்கி என்று எழுதப்படும் ஊரில், 1869-இல் தொடங்கிய வெடிபொருள் தொழிற்சாலையின் முத்திரை அது. அம்பு பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். 43 என்பது 1943. ஏழு, தோட்டாவின் வகையைக் குறிப்பது.

கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு பிளவு இறங்குகிறது. மயிரிழை அகலம், விரல்நகத்தால் வருடினால்தான் தெரியும். பித்தளையில் தகைவு அரிமானப் பிளவு என்பதே என் ஆய்வுப்பொருள் என்றாலும், அந்தப் பிளவை நான் கவனித்தது ஆய்வில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை எனக்கு அது ஊசிக்கூடு மட்டும்.

இந்தத் துறையின் தொடக்கக் கதையே இந்தியாவில் நிகழ்ந்தது. மழைக்காலத்தில் பிரித்தானியப் படைகளின் நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் வெடித்திருக்கும். யாரும் தொடவில்லை, யாரும் சுடவில்லை; குண்டை இறுகப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில் நெடுக்கு வாக்கில் பிளவு. 'பருவப் பிளவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இதற்கு நிலைத்தது. மழைப்பருவத்தால் வந்த பெயர் என்பாரும் உண்டு. உலரவிட்ட மரம் வெடிப்பதைப் போலிருப்பதால் வந்தது என்பாரும் உண்டு. 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஒன்று. கூட்டைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கும்போது உலோகத்துள் தங்கிவிடும் இழுவிசை மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால் பிளவு. ஈரமான காற்று கூட்டின் மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தை விரிக்கிறது. அதில் கரைந்த அம்மோனியா செம்பைப் பற்றிக் கரைக்கிறது. உலோகத்தின் படிகமணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளின் வழியே பிளவு நகர்கிறது. இவற்றுள் ஒன்று இல்லையென்றாலும் கூடு பல்லாண்டு அப்படியே இருக்கும்.

இடவப்பாதியும் துலாவர்ஷமும் என ஆண்டுக்கு இருமுறை மழை பெறும் இந்த ஊரில் இதைப் படிப்பதற்குத் தனியே ஈரக்கூண்டு கூடத் தேவையில்லை என்று எங்கள் கூடத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி அத்தானைப் பற்றி.

என் தாய்மாமன் மகன் மெல்பர்னில் வாழ்கிறார். கட்டுமானப் பொறியாளர். வாரக்கடைசிகளில் ஆயிரம் கஜத் தொலைவில் இலக்கைச் சுடும் விளையாட்டு அவருடையது. அங்கே உரிமம் பெற்றவர்கள் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம். (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆர்வமிகுதியால் யாரும் எதையும் முயலாதிருக்க இதைச் சொல்லிவைக்கிறேன்.) தோட்டாவில் விலையுயர்ந்த பகுதி பித்தளைக் கூடுதான். மருந்து எரிந்துபோகிறது, குண்டு போய்விடுகிறது, கூடு கையில் மிஞ்சுகிறது. அதை மறுபடி ஆயத்தப்படுத்துவதில் அத்தான் செலவிடும் நேரம் சுடுவதில் செலவிடும் நேரத்தைப் போலப் பன்மடங்கு. எரிந்த தீக்குமிழை அடியிலிருந்து தள்ளி எடுக்கிறார், கூட்டைக் கழுவுகிறார், எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார், நீண்டுவிட்ட கழுத்தை நறுக்கி, வாயின் பிசிறை வழித்து, எடை பார்த்துப் பிரிக்கிறார். ஒருமுறை காணொளி அழைப்பில் முழுவதையும் காட்டினார். கழுவும் நீரில் எலுமிச்சை உப்பு போட்டார். எங்கள் ஆச்சி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதற்கும் அதற்கும் வேதியியலில் பெரிய தொலைவு இல்லை. அம்மோனியா கலந்த புட்டி மெருகுநீரை இந்த விளையாட்டுக்காரர்கள் கூட்டின் அருகே கொண்டுவர மாட்டார்கள். லாயத்துக் கதையை அவர்களில் பலர் அறிந்திருக்கிறார்கள்.

பித்தளை ஏன் என்ற கேள்விக்கும் அவரிடமிருந்துதான் தெளிவான விடை கிடைத்தது. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும் நொடியில் கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, எரிவாயு பின்னால் கசியாதபடி அடைக்க வேண்டும். அடுத்த நொடி சற்றே சுருங்கி வெளியே வர வேண்டும். இந்த நெகிழ்வும் மீள்வும் ஒருசேரக் கிடைப்பது பித்தளையில். ஆனால் ஒவ்வொரு முறை விரிந்து, ஒவ்வொரு முறை அச்சில் ஒடுங்கும்போதும் கழுத்து கடினமாகிக்கொண்டே போகிறது. கன்னான் செம்பை அடிக்க அடிக்க அது விறைப்பதைப் போல. விறைத்த கழுத்து குண்டை ஒரே சீராகப் பற்றாது. ஒரு கூட்டில் இறுக்கம், மறு கூட்டில் தளர்வு. குண்டின் தொடக்க வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் ஆயிரம் கஜத்தில் அது ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்து விழும். கழுத்தை இன்னும் விறைக்கவிட்டால் அது பிளக்கும்.

அத்தானின் கூடுகள் ஆறாவது ஏழாவது முறையில் பிளக்கத் தொடங்கியிருந்தன. ஒரு வியாழன் இரவு செய்தி அனுப்பினார்: "மாப்ளே, நீ பித்தளையில்தானே டாக்டர் ஆகப்போறே. கழுத்தை மெதுவாக்க எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?"

என் துறையைப் பற்றிக் குடும்பத்தில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. நான்காண்டுகளாக 'இன்னும் முடியலியா' என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. மகிழ்ச்சியில் உடனே எழுதினேன். 350 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்தால் விறைத்த படிகமணிகள் மறைந்து புதிய மணிகள் தோன்றிவிடும். சுடர் சீராக இராது, சூளைதான் சீர். எல்லாக் கூடுகளையும் ஒன்றாகச் சூளையில் வைத்துவிடுங்கள். அவர் மனைவி மட்பாண்டம் வனைபவர். வீட்டில் மின்சூளை இருப்பது எனக்குத் தெரியும். மூன்று நூற்குறிப்புகளும் ஒரு வரைபடமும் இணைத்தேன். அத்தான் கட்டைவிரல் ஒன்றை உயர்த்திக் காட்டினார். நிறைவாக உறங்கினேன்.

வெள்ளிக்கிழமை என் சொந்த வேலைக்காகக் குளிர்நிலையில் உருட்டிய பித்தளைத் தகடுகள் சிலவற்றை அதே 350 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தேன். சனிக்கிழமை காலை கடினம் அளப்பதற்காக ஒன்றைக் கையில் எடுத்தேன். சூளைக்குப் போகுமுன் அந்தத் தகட்டை இரு கைகளால் வளைத்தாலும் வளையாது. விட்டால் தெறித்து நிமிரும். இப்போது ஈர ஓலையைப் போல வளைந்து, வளைந்தபடியே கிடந்தது. அளவுகருவியில் வைத்துப் பார்த்தேன். கடினம் ஏறத்தாழ பாதியாக இறங்கியிருந்தது. எதிர்பார்த்ததுதான். குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது.

கூட்டின் கழுத்துக்கு வேண்டிய மென்மை அதன் அடிப்பாகத்துக்கு ஆகாது. அடிப்பாகம் முழுவதையும் துப்பாக்கி அறையின் சுவர் தாங்குவதில்லை. அங்கே பித்தளை தன் கடினத்தாலேயே நிற்க வேண்டும். அத்தானின் .308 தோட்டாவில் எழும் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. அடி மெதுவாகிவிட்டால் அது பிதுங்கிக் கிழியும். எரிவாயு பின்னோக்கிப் பாயும். சுடுபவரின் முகம் அங்கேதான் இருக்கிறது. கன்னம் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் ஒரே கூட்டை அடியில் கடினமாகவும் கழுத்தில் மென்மையாகவும் ஆக்குவதற்காக அவ்வளவு பாடுபடுகிறார்கள். படைத்தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் வளையக்கறை அந்தச் சூட்டின் தடம். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். என் ஆய்வேட்டின் முன்னுரை அத்தியாயத்தில் ஒரு பத்தியாகவே எழுதியிருக்கிறேன். வியாழன் இரவு அந்தப் பத்தி எனக்கு நினைவில் எழவில்லை. 'பித்தளை, விறைப்பு, மென்மை' என்ற மூன்று சொற்களைப் பார்த்தேன். தகட்டுக்குரிய விடையை எழுதிவிட்டேன்.

மணி ஒன்பது நாற்பது. மெல்பர்ன் அப்போது ஐந்தரை மணி நேரம் முந்தியது; அங்கே பிற்பகல் மூன்றேகால் ஆகப்போகிறது. சனிக்கிழமை. அவர் சுடுகளத்தில் இருக்கும் நேரம். கைப்பேசி காரில் கிடக்கும். அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினேன்: சூளையில் வைத்த கூடு எதையும் சுடவேண்டாம். அதையே வேறு சொற்களில் மறுபடி அனுப்பினேன். ஏழு செய்திகள். ஒன்றிலும் நீலக்குறி விழவில்லை. அத்தை வீட்டுக்கு அழைக்கலாமா என்று எண்ணி, என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டேன். உடன் ஆய்வு செய்யும் தோழி தேநீர் கொண்டுவந்து வைத்தார், ஆறியது. கடினம் அளக்கும் கருவியின் கண்ணாடியில் வைரமுனை பதித்த சதுரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலிலேயே துலாவர்ஷத்தின் இடி தொடங்கிவிட்டிருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அழைப்பு வந்தது.

"என் பேர்ல இன்சூரன்ஸ் ஏதும் எடுத்து வச்சிருக்கியா மாப்ளே?" என்றார். சிரிப்புச் சத்தம். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை மாலையில், ஏற்கெனவே கழுத்து வெடித்துத் தூக்கியெறிய வேண்டிய ஐந்து கூடுகளை நான் சொன்னபடியே சூளையில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆறியதும் அடிப்பாகத்தைக் குறட்டால் அழுத்தினாராம். தக்கையைப் போல நசுங்கியதாம். நசுங்கிய ஐந்தையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். "தகட்டுக்குச் சொல்லவேண்டியதை எனக்கு அனுப்பிட்டே. தெரியும், அதான் உனக்குப் பதில் போடல்ல. படிக்கிற பிள்ளை, மனசு நோவாண்டாம்னு."

பிழையை அறிந்து, எனக்கு வருத்தம் வரக்கூடாது என்று சொல்லாமலிருந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்காக இரண்டு நாள் அவர்மீது கோபமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரம் அவர் முறையை முழுமையாகக் கேட்டுக்கொண்டேன். இம்முறை குறிப்பேட்டோடு. கழுத்துக்கு மட்டும் சுடர், சில நொடிகள். கூடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சூடு கீழிறங்குமுன் எடுத்துவிட வேண்டும். உடலின் நடுவே, குறித்த வெப்பத்தில் உருகும் பூச்சை ஒரு கோடாக இழுத்து வைக்கிறார். அது உருகினால் அந்தக் கூடு குப்பைக்கு. பழைய ஆட்கள் கூடுகளைத் தட்டு நீரில் பாதி மூழ்க நிறுத்தி, கழுத்தைச் சுட்டு, நீரிலேயே சாய்த்துவிடுவார்களாம். என் பாடநூல் வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரக் கணக்கில் வரையப்பட்டவை. ஐந்து நொடியில் என்ன நிகழ்கிறது என்பதற்கு அவற்றில் நேரடி விடை இல்லை. நேரம் சுருங்கினால் வெப்பம் ஏறவேண்டும் என்ற பொதுவிதியை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் காட்டினார். முனை வளைத்த மெல்லிய கம்பி ஒன்றைக் கூட்டின் வாய்வழியே உள்ளே விட்டு, அடிச்சுவரோரம் மேலும் கீழும் இழுப்பார். உள்ளே சுவர் மெலிந்து வரும் இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் இடறும். இடறினால் அடுத்த சூட்டில் கூடு இரண்டாகப் பிரியலாம், அதை ஒதுக்கிவிடுவார். எங்கள் கூடத்திலுள்ள மீயொலிக் கருவியின் விலையை அவரிடம் நான் சொல்லவில்லை.

பிறகுதான் 1921-க்குத் திரும்பினேன். மூரும் பெக்கின்சேலும் பருவப் பிளவுக்குக் கண்ட மருந்தும் சூடுதான். ஆனால் அது 300 பாகைக்குக் கீழே, முழுக் கூட்டுக்கும் கொடுக்கும் இளஞ்சூடு. உள்ளே தங்கிய இழுவிசை தளரும், கடினம் குறையாது. கழுத்தை மெதுவாக்கும் சூடு வேறு, இழுவிசையைத் தளர்த்தும் சூடு வேறு. இரண்டுக்கும் தமிழில் 'காய்ச்சி ஆற்றுதல்' என்ற ஒரே தொடரை என் ஆய்வேட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒரே பெயரால் இரண்டையும் அழைத்ததும் என் மயக்கத்துக்கு ஒரு காரணம் என்று இப்போது படுகிறது. 'மெதுவாக்கும் சூடு', 'இறுக்கம் தளர்த்தும் சூடு' என்று பிரித்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். கன்னார் தெருக்களிலோ நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளிலோ இவற்றுக்குத் தனித்தனிச் சொல் வழங்குவதை அறிந்தவர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வேன்.

சுட்ட கூட்டைக் கண்ணால் காண வேண்டும் என்று வட்டியூர்க்காவுச் சுடுகளத்துக்கும் ஒருநாள் போனேன். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டியது. 50 மீட்டர் களத்தில் கல்லூரி மாணவியர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். தரையில் பொடிப்பொடியாக .22 கூடுகள். அவற்றை மறுபடி நிரப்ப முடியாது. தீப்பற்றும் மருந்து தனிக் குமிழாக இல்லாமல் விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. அடிக்கும் ஊசி விளிம்பை நசுக்கிவிடுகிறது. ஒருமுறை சுட்டால் அதன் வாழ்வு முடிந்தது. காவலர் "காலி திர" என்றார். மலையாளத்தில் தோட்டாவுக்குத் திர என்று பெயர். கடலலைக்கும் அதே பெயர்தான். சங்குமுகத்தில் திர பார்க்கப் போகிறேன் என்று முன்பு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, மேசைமேல் நின்ற கூடு. அதன் பிளவுக்கு மூன்று பேர்மேல் எனக்கு ஐயம் இருந்தது. ஒன்று, பழைய தீக்குமிழ்களில் இருந்த பாதரசம்; சுடும்போது அது பித்தளையில் ஏறி அதை நொறுங்கத்தக்கதாக்கும். இரண்டாவது, எங்கள் மாட்டுத்தொழுவம். தாத்தாவின் தகரப்பெட்டி பல ஆண்டுகள் தொழுவத்தின் பரணில் இருந்தது. குதிரை லாயத்துக்குப் பதில் பசுத்தொழுவம். மூன்றாவது, நான். பத்து வயதில் ஒரு சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள், வீட்டிலிருந்த பித்தளைப் பொருள்களையெல்லாம் புட்டி மெருகுநீரால் துடைத்துப் பளபளப்பாக்கினேன். அம்மோனியாவின் நெடி இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் கூட்டையும் துடைத்தேன்.

பிளவின் உட்பரப்பைப் பார்க்கக் கூட்டை நெடுக்கே அறுக்க வேண்டும். நெறியாளர் ஆவலாகத்தான் இருந்தார். 1943-ஆம் ஆண்டுக் கூடு ஆய்வேட்டில் ஒரு நல்ல படமாக அமையும். அறுக்கும் சக்கரத்தின் முன் ஒருநாள் அதைப் பிடித்துவைத்துப் பார்த்தேன். பிறகு அறுக்காமல், உருப்பெருக்கியின் கீழ் வெளிப்புறத்தை மட்டும் படமெடுத்தேன். முதன்மைப் பிளவின் இருமருங்கும் மெல்லிய கிளைகள் பிரிந்திருந்தன. ஆய்வேட்டுக்கு அது போதாது, சேர்க்கவில்லை.

சென்ற ஞாயிறு தம்பானூரிலிருந்து பேருந்தில் ஊருக்குக் கொண்டுபோனேன். வெற்றுக்கூடு ஒன்று பையில் இருந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைப் படித்திருந்ததால், களியிக்காவிளை தாண்டும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். ஆச்சி தொண்ணூறைக் கடந்தவர். கூட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிளவைக் காட்டி, இது நான் மெருகு போட்ட பிறகு வந்ததா என்று கேட்டேன்.

"நீயா? உன் அப்பன் பள்ளிக்கூடத்துக்குப் போற காலத்திலேயே இந்தக் கீறல் உண்டும் மக்களே," என்றார். பிறகு, மூன்று வாரமாகத் தீப்பெட்டியில் கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டார். கொக்கியைக் கடைசியில் செருகினார். கூட்டைப் பழைய இடத்தில், பிளவு சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.